அறுபதாம் வேகத்து ஊர்

கள்ளிமேட்டிலிருந்து நெடுங்குளம் டவுனுக்குத் தார்ச்சாலை போட்டு முடித்த நாளிலிருந்து, அந்தச் சாலையில் எவர் எதில் ஏறி எப்படிப் போனாலும் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தலைச்சுமையோடு மணிக்கு நாலு கிலோமீட்டர் நடந்தவர்களுக்குச் சாலை மூன்று கிலோமீட்டராக இருந்தது. சைக்கிளில் பன்னிரண்டு வேகத்தில் மிதித்தவர்களுக்கு ஒன்பதாக நீண்டது. அறுபதில் பறந்த டவுன் பஸ்ஸுக்கு நாற்பத்தைந்தாக விரிந்து கிடந்தது. சாலை போட்ட காண்டிராக்டர் ரோலர் ஓட்டியவன்மேல் பழியைப் போட்டார். ரோலர் ஓட்டியவன் வெயில்மேல் போட்டான். கோயில் பூசாரி அம்மனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனார். அதற்குள் பருத்தி எடுப்பு வந்துவிட்டதால் ஊர் அந்தப் பேச்சை அத்தோடு விட்டது.

விரிந்த தரை சும்மா கிடக்கவில்லை. சைக்கிளில் போனவர்கள், நடந்து போனபோது கண்டிராத ஒரு கிணற்றைப் பார்த்தார்கள். மொபெட்டில் போனவர்களுக்கு ஒரு டீக்கடை வந்தது. வடை நன்றாக இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனவர்கள் முழு முழு ஊர்களையே பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியும் கோயிலும் கோயில் வாசலில் சண்டை போடுகிற ஆட்களுமாக. இறங்கி விசாரித்தால், தாங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருப்பதாகவும், கள்ளிமேடுதான் எங்கிருந்தோ வந்து முளைத்திருப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள். நாற்பது வேகத்தில் போனால் வருகிற ஊர் நாற்பதாம் ஊர் ஆனது, அறுபதில் வருவது அறுபதாம் ஊர் ஆனது, பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், விருந்துக்குப் புறப்படுகிற புது மாப்பிள்ளைகள் மாமியார் வீடு எந்த வேகத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வண்டியை எடுத்தார்கள். பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டே போன ஒருவன், மாமனார் வீடு இருக்கவேண்டிய இடத்தில் ஊமத்தஞ்செடிகளைப் பார்த்துவிட்டு, பலகாரப் பையோடு திரும்பி வந்தான். அங்கே போவதற்குத்தான் வேகம் வேண்டும்; அங்கிருந்து புறப்படுகிறவர் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் கள்ளிமேட்டுக்கு வந்துவிடலாம். சாலையின் வழக்கம் அது. ஊரும் அதற்கு ஏற்றபடி தன் வழக்கங்களை மாற்றிக்கொண்டது.

மாற்றிக்கொள்ள முடியாமல் தவித்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஜெபமணி சார் ஒருவர்தான். வேகம், நேரம், தூரம் என்று அவர் கரும்பலகையில் எழுதியதுமே வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொன்னது.

"ஒரு ரயில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நானூறு கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம் சார்!"

"ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் இருபது கிலோமீட்டர் நடக்கிறார். எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம் சார்!"

பரீட்சைத்தாளிலும் அதையே எழுதிப் பூஜ்யம் வாங்கினார்கள். பெற்றோரிடம் முறையிட்டால், சரியாகத்தானே சார் எழுதியிருக்கிறான் என்றார்கள்.

வகுப்புக்கு அடுத்த கட்டு சத்துணவுக்கூடம். அங்கே சமைக்கிறவள் வெள்ளத்தாய். அவளுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. உலை கொதிக்கிற நேரத்தில் முற்றத்தைக் கூட்டுவாள், கூட்டிக்கொண்டிருக்கும்போதே பருப்பு ஞாபகம் வந்து ஓடுவாள், பருப்பைக் கிண்டும்போது காய் நறுக்காமல் கிடப்பது உறுத்தும். தாய் செத்தபோது தங்கச்சி பூங்கனிக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லா வேலையையும் பார்த்துப் பழகியவள், தனக்கென்று ஒரு கல்யாணத்தை யோசிக்கக்கூட நேரம் இல்லாமல் நாற்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டாள். பூங்கனியை அறுபதாம் ஊரில் பால்துரை என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். நல்ல பையன், நீலச் சுண்ணாம்பு அடித்த வீடு, பஸ் ஏறினால் கால் மணி நேரம். மாதம் இரண்டு தரம் போய்த் தங்கச்சி தலையில் எண்ணெய் வைத்துவிட்டு வருவாள்.

பூங்கனிக்கு ஏழாம் மாதம் நடக்கையில், ஊராட்சித் தலைவரின் கிடாய் ஒன்று பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. தலைவர் மேலே எழுதிப் போட்டார். ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து சாலை நெடுக வேகத்தடைகளை எழுப்பிவிட்டுப் போனார்கள். நடந்து போகிறவர்களுக்குப் பதினோரு மேடுகள் தெரிந்தன. வேகம் கூடக் கூட அவையும் பெருகின. முப்பதுக்கு மேல் எந்த வண்டியாலும் போக முடியவில்லை. மறுநாள் காலை பஸ் முப்பதில் குலுங்கிக் குலுங்கிப் போனபோது, வெள்ளத்தாய் இறங்க வேண்டிய இடத்தில் கருவேலங்காடு நின்றது.

அறுபதாம் ஊரில் பெண் கொடுத்த வீடுகள் கள்ளிமேட்டில் எட்டு இருந்தன. எட்டு வீட்டிலும் மூன்று நாள் அழுதார்கள். நாலாம் நாள் ஒரு வீட்டில், வெளிநாட்டில் கட்டிக்கொடுத்ததாக நினைத்துக்கொள்வோம் என்றார்கள். அது நல்ல யோசனையாகப் பட்டதால் மற்ற வீடுகளும் அப்படியே நினைத்துக்கொண்டன. போன் போட்டால், நீங்கள் அழைக்கும் நபர் வேறு வேகத்தில் இருக்கிறார் என்பதுபோல ஏதோ இரைச்சல்தான் கேட்டது. வெள்ளத்தாயால் மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்துவர வேண்டும். அழைக்க ஆள் வராத பெண் தானாகப் புறப்பட்டு வரமாட்டாள், புகுந்த வீடும் அனுப்பாது. அறுபதாம் ஊரில் நர்ஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. போன வருஷம் அங்கே ஒரு தலைப்பிள்ளைக்காரி இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கிப்போனாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது, வெங்காய மூட்டையோடு ஓர் ஆள் சாவகாசமாக நடந்து வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கினான். அறுபதாம் ஊர்ச் சித்திரவேல்.

"ஏம்ப்பா, இப்ப வந்துட்ட, திரும்ப எப்படிப் போவ?" என்றாள் வெள்ளத்தாய்.

"போக முடியாதாம்லா யக்கா!" என்றான் அவன் முகமெல்லாம் மலர. "எம் பொண்டாட்டி பேச்சுலருந்து தப்பிக்க வேற எந்த வழியும் தெரியல. இந்த வேகத்தடை போட்டவன் நல்லா இருக்கணும்."

"சிரிக்காத. எந்தங்கச்சியப் பாத்தியா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "பாத்தேன். வயிறு இறங்கிட்டு. மாமியாக்காரிதான் பேசுதா. கூப்பிட நாதி இல்லாத பிள்ளையக் கட்டிட்டு வந்துட்டோம்னு தெருவுல நின்னு பேசுதா. உந்தங்கச்சி டெய்லி சாயந்தரம் ரோட்டோரத்துல வந்து நிக்கா. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வெள்ளத்தாய்க்கு இருப்பே கொள்ளவில்லை. சோற்றைக் குழைய விட்டாள், சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார்கள்.

மறுநாள் டவுனுக்கு அரிசி எடுக்க ஷேர் ஆட்டோவில் போனாள். வண்டி முப்பதில் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு மணல் லாரி அதே முப்பதில் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று கடந்த அந்தக் கண நேரத்தில், கருவேலங்காட்டைத் துடைத்துவிட்டதுபோல நீலச் சுவர் ஒன்று தெரிந்தது. சுவருக்கு முன்னால் கொடியில், இவள் எடுத்துக்கொடுத்த மாம்பழக் கலர்ச் சேலை காய்ந்தது. லாரி கடந்ததும் மறுபடி கருவேலம்.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

"என்னக்கா, வாந்தி வருதா?" என்றான் ஆட்டோக்காரன்.

அவள் இறங்கிப் பார்த்தாள். ஆட்டுப் புழுக்கையும் முள்ளும் கிடந்தன. தான் பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெயில் என்பார்கள். ஆனால் கால் மணி நேரப் பயணத்தில் வந்த இடம் அது என்பதை மனதில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபமணி சார் தொண்டையைச் செருமினார்.

"இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன. ஒன்றின் வேகம் முப்பது. மற்றொன்றும் முப்பது. ஒன்றில் இருந்து பார்க்கிறவனுக்கு மற்றது எந்த வேகத்தில் வரும்? ஒரே திசை என்றால் கழிக்க வேண்டும். எதிர்த் திசை என்றால்?"

வகுப்பு வழக்கம்போல, "முக்கால் மணி நேரம் சார்!" என்றது.

"கூட்ட வேண்டும்! கூட்டித் தொலைங்கடா! அறுபது!"

வெள்ளத்தாய் வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய, அரிவாள்மணையைக்கூட மடக்காமல் வகுப்புக்குள் போய் நின்றாள்.

"சார், அது ரயிலுக்கு மட்டுந்தானா? மணல் லாரிக்கும் உண்டுமா?"

ஜெபமணி சார் அவளைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்த ஊரில் அவரிடம் கணக்கில் சந்தேகம் கேட்ட முதல் ஆள் அவள்.

"எதுக்கும் உண்டும்மா. மாட்டு வண்டிக்கும் உண்டு. ஏன்?"

அவள் சொன்னாள். அவர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார், கோட்டின் ஒரு முனையில் கள்ளிமேடு என்றும் மறுமுனையில் நெடுங்குளம் என்றும் எழுதினார், இரண்டு பக்கமிருந்தும் அம்புக்குறி போட்டார். "கடக்கிற நொடியில் இரண்டு வண்டியும் சட்டென்று நின்றுவிட்டால், நிற்கிற தரை அறுபதாம் தரை" என்றார் கடைசியில். "பஸ் அங்கே நிற்கும்போது ஊர் மறையவில்லையே. வந்த வேகம்தானே கணக்கு."

ஊரில் செய்தி பரவியது. டிராக்டர் வைத்திருந்த கருத்தப்பாண்டி ஒரு கூலியும் வேண்டாம் என்றான். அவன் அக்காளும் அறுபதாம் ஊரில்தான் இருந்தாள். எட்டு வீடுகளில் ஏழு வீட்டுக்காரர்கள் டிரெய்லரில் ஏறிக்கொண்டார்கள். எட்டாம் வீட்டுக்காரர்கள், வெளிநாடு என்று நினைத்துப் பழகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து அழ முடியாது என்று சொல்லி ஒரு டப்பா முறுக்கு மட்டும் கொடுத்தனுப்பினார்கள். சித்திரவேலை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து ஏற்றினார்கள். வெள்ளத்தாய் விடியுமுன் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல் எல்லாம் கட்டித் தூக்குவாளியில் அடுக்கி மடியில் வைத்திருந்தாள்.

ஜெபமணி சார் தம் ஸ்கூட்டரில் டவுனிலிருந்து சரியாகப் பத்து மணிக்குக் கிளம்பினார். டிராக்டரும் இங்கிருந்து சரியாகப் பத்து மணிக்குக் கிளம்பியது. இரண்டும் முப்பது. தூரத்தில் ஸ்கூட்டர் புள்ளியாகத் தெரிந்தது, பெரிதானது, சாரின் நெற்றி வியர்வை தெரிந்தது, அருகே வந்ததும் இருவரும் பிரேக்கை மிதித்தார்கள். புழுதி அடங்கியது. யாரும் பார்த்திராத பருத்திக்காடு ஒன்று வெள்ளையாக வெடித்துக் கிடந்தது. வீடு இல்லை, ஆள் இல்லை.

"இது அறுபதாம் தரைதான்" என்றான் சித்திரவேல். "எங்க ஊரு கொஞ்சம் பின்னால இருக்கு. நீங்க தாண்டி வந்துட்டீங்க."

கருத்தப்பாண்டி வண்டியைப் பின்னால் எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் பருத்தி மறைந்து முள் வந்தது. நகர்ந்தால் போயிற்று.

ஜெபமணி சார் ஸ்கூட்டரின் சீட்டில் தலையை வைத்துக்கொண்டார். "என் தப்பு. ஒரே நேரத்தில் கிளம்பினால் பாதி வழியில்தான் சந்திப்போம். அவர்கள் ஊர் பாதி வழியில் இல்லை."

வெள்ளத்தாய் கத்தினாள். அவள் யாரையும் பார்த்துக் கத்தவில்லை, சாலையைப் பார்த்துக் கத்தினாள். "எத்தன நாளுக்குத்தான் இப்பிடி நீட்டி மடக்கி வெளாடுவ? ஒனக்கு அக்கா தங்கச்சி கிடையாதா?" ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் டிரெய்லரில் உட்காரவில்லை, அந்தச் சின்ன இடத்துக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வந்தாள். சோறு கெட்டுப்போனதால் மறுநாள் புதிதாகக் கட்டினாள்.

"கால் மணியில வர்ற ஊரு சார்" என்று மட்டும் திரும்பி வந்த அன்றே சாயந்தரம் சாரிடம் சொன்னாள்.

அந்த ஒரு விவரம் அவருக்குப் போதும். அவர் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும், டிராக்டர் பத்தேகாலுக்கு. பத்தரைக்கு அவர் அரை மணி நேரம் வந்திருப்பார், இவர்கள் கால் மணி நேரம். அதையும் இதையும் சேர்த்தால் முக்கால் மணி. சாலைக்குத் தெரிந்த ஒரே விடையோடு சாருடைய கணக்கு அன்றுதான் முதல் முறை ஒத்துப்போனது.

மறுநாள் பத்து மணியிலிருந்து பத்தேகால் வரைக்குமான அந்தப் பதினைந்து நிமிஷம் வெள்ளத்தாயின் ஆயுசிலேயே மிக நீளமானது. டிராக்டர் இரைந்துகொண்டே நின்றது. "போயிருவமாய்யா? ரெண்டு நிமிசம் முந்திப் போனா என்ன?" என்று கேட்டாள். "போனா பருத்திக்காட்டுலதான் நிப்ப" என்றான் கருத்தப்பாண்டி. வழியில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வரப் பார்த்தபோது, டிரெய்லரில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தியதில் ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. முள்மரங்கள் பின்னால் போயின. அவள் இரண்டு கையாலும் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வண்டியை விரட்டச் சொல்லத் துடித்த வாயைப் பல்லால் கடித்து மூடிக்கொண்டாள். ஸ்கூட்டர் தெரிந்தது. ஸ்கூட்டர் வந்தது. ஸ்கூட்டரும் டிராக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

புழுதிக்குள்ளிருந்து நீலச் சுவர் வெளியே வந்தது.

ஏழு வீட்டுக்காரர்களும் குதித்து ஏழு திசையில் ஓடினார்கள். ஒரு பெண் குரல், "வந்துட்டீங்களா மகராசா, வெங்காயத்த எந்தச் சீமையில வித்தீக?" என்று கேட்டது, சித்திரவேல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

நீலச் சுவர் வீட்டு வாசலில் பூங்கனியின் மாமியார் சிவனம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "வா தாயி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"ரோட்டத்தான் பாத்தீகளே அத்தை."

"ரோடு நீளும், குறுகும். மனசு இருந்தா வரலாம்." பிறகு தூக்குவாளியைப் பார்த்தாள், குரல் தழைந்தது. "அஞ்சு சோறா? சரி, அத அப்புறம் பாக்கலாம். உள்ள போ. விடியக்காலத்துலருந்து வலி எடுத்திருக்கு. கூப்பிட ஆள் வராமப் போகமாட்டேன்னு படுத்துக் கிடக்கா. நானே போகச் சொல்லிட்டேன், கேக்கமாட்டேங்கா. அக்காவ மாதிரியே அழுத்தக்காரி."

பூங்கனி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "யக்கா, உன் நடை சத்தம்" என்றாள். பிறகு வலி வந்து அக்காளின் கையை நகம் பதியப் பிடித்தாள்.

நர்ஸ் கள்ளிமேட்டில், சாலை தொடங்குகிற இடத்துத் துணைச் சுகாதார நிலையத்தில்தான் இருந்தாள். பால்துரை டிராக்டரில் மெத்தையை விரிக்க ஓடினான்.

"டிராக்டர் வேண்டாம்" என்றாள் வெள்ளத்தாய். "அத்தன வேகத்தடையிலயும் ஏறி இறங்குனா பிள்ள வழியிலயே வந்துரும்."

"அப்ப எப்படி மதினி? தூக்கிட்டு ஓடவா?"

"ஓடுனா தூரம் கூடும். ஓடுனாலும் கால் மணி நேரந்தான், நடந்தாலும் கால் மணி நேரந்தான்." அவள் சொல்லிக்கொண்டே ஒரு கணம் நின்றாள். நாற்பத்தாறு வருஷமாக ஓடிக்கொண்டே இருந்த கால்கள் தரையில் ஊன்றி நின்றன. "நடக்கவும் வேண்டாம். சும்மா நகந்தாப் போதும்."

பால்துரை ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பூங்கனியைத் தாங்கிச் சாலையில் இறக்கினார்கள். ஏழு வீட்டுக்காரர்களும் சிவனம்மாவும் ஜெபமணி சாரும் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். பூங்கனி ஒரு பாதத்தைத் தேய்த்து ஒரு விரற்கடை முன்னால் வைத்தாள். வெள்ளத்தாயும் விரற்கடை வைத்தாள். எருமைகூட அவ்வளவு மெதுவாகப் போகாது. நத்தை அவர்களைத் தாண்டிப் போயிருக்கும். வலி வந்தபோது நின்றார்கள், வலி போனதும் இன்னொரு விரற்கடை. மெதுவாகப் போகப் போகச் சாலை சுருங்கியது. நடப்பவர்களின் மூன்று கிலோமீட்டருக்கும் உள்ளே, எந்த வண்டியும் எந்தக் காலும் கண்டிராத அளவுக்கு அது தன்னை மடித்துக்கொண்டே வந்தது. இடையில் இருந்த கருவேலங்காடும் கிணறும் டீக்கடையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த பாய்களைப்போல ஒதுங்கின. பதினோரு வேகத்தடைகளும் ஒன்றுசேர்ந்து ஒரு வாசற்படி உயரத்துக்கு வந்தன.

"வேகமா வா யக்கா, தாங்க முடியல."

"வேகமா வந்தா வீடு தள்ளிப் போயிரும்ட்டி. மெதுவா. மெதுவா. எந்தங்கம்ல்லா."

"நீயா சொல்லுத? மெதுவான்னு?"

"நாந்தான் சொல்லுதேன்."

பூங்கனி வலிக்கு நடுவே சிரித்துவிட்டாள். வெள்ளத்தாய்க்குத் தன் உடம்புக்குள் இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதை அவள் தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடிப்பதில் செலவழித்தாள், கால்களுக்கு விடவில்லை. பக்கத்தில் பால்துரை மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பின்னால் நீலச் சுவர் இன்னும் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. முன்னால் டெட்டால் வாசம் வந்தது.

கால் மணி நேரம் முடிந்தபோது அவர்கள் ஒன்பது அடி வந்திருந்தார்கள். பூங்கனி பத்தாவது அடிக்குப் பாதத்தைத் தூக்கி வைத்தாள். சுகாதார நிலையத்து வாசல் சிமென்ட் குளிர்ந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "உள்ள கூட்டிட்டு வாங்க" என்றாள்.